அலையோசைக்குச் சட்டத்தில் இடம் உண்டா?

புது தில்லி: உலக மரபுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியாவின் ஏழு இயற்கைத் தலங்கள் 2025 செப்டம்பரில் சேர்ந்தன. திருமலைக் குன்றுகள், பஞ்சகனி-மகாபலேஸ்வரம் எரிமலைப் பாறைகள், உடுப்பிக்கு அருகிலுள்ள செயின்ட் மேரித் தீவுகள் ஆகியவற்றுடன் கேரளத்தின் வர்க்கலைக் கடற்குன்றும் அதில் இடம்பெற்றது. குன்றின் வயது, மண்ணடுக்குகள், அடிவாரத்தில் கசியும் ஊற்றுகள் ஆகியவை பற்றியெல்லாம் புவியியலாளர்கள் நிறைய எழுதியுள்ளனர். குன்றின் அடியில் இரவும் பகலும் ஓயாமல் எழும் ஓசையைப் பற்றி மட்டும் அரசு ஏடுகளில் ஒரு வரியும் இல்லை.

அந்த ஓசையைத் தேடி வருவோர் இருக்கிறார்கள். உறக்கத்திற்கும் தியானத்திற்கும் உதவும் ஒலிப்பதிவுகளுக்குச் சந்தை பெருகியபின், ஒலிவாங்கியும் தாங்குகட்டையுமாகக் கடற்கரைகளை நாடுவது உலகெங்கும் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அவர்கள் பதிவு செய்துகொண்டு போகும் ஓசைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்த ஓசை பிறக்கும் இடத்திற்கு உண்டா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேடினால், கடலே இல்லாத பாலக்காடு மாவட்டத்தின் பெருமாட்டிக் கிராமப் பஞ்சாயத்து வரை போக வேண்டியிருக்கிறது.

குன்றும் ஓசையும்

திருவனந்தபுரத்திற்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வர்க்கலை. கேரளக் கடற்கரையின் பெரும்பகுதி தாழ்ந்த மணற்பரப்பு. இங்கோ நிலம் சுவர்போல் எழுந்து நிற்கிறது. உச்சியில் செம்புரைக்கல், அதன்கீழ் பல நிற மணற்கற்களும் களிமண்ணும், இடையிடையே பழுப்பு நிலக்கரிப் படலம் என அடுக்கடுக்காய் அமைந்த குன்று இது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1882-இல் இந்த அடுக்குகளை விவரித்து எழுதியபோது ஊரின் பெயரையே அவற்றிற்கு இட்டார். இன்றளவும் புவியியல் நூல்களில் அப்பெயரே நிலைத்துள்ளது. அந்தத் துறை இக்குன்றைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகவும் அறிவித்திருக்கிறது.

தமிழ் வாசகருக்குக் குன்றோரக் கடல் என்றவுடன் முட்டம்தான் நினைவுக்கு வரும். 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) ஆகிய படங்கள் அந்தக் குமரி மாவட்டக் கடற்கரையைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டு சேர்த்தன. முட்டத்தில் இருப்பது உறுதியான பாறை. அலை அதன்மேல் மோதிச் சிதறும்போது அறைவதுபோன்ற ஒலி எழும். வர்க்கலையில் குன்று மென்மையானது. அதற்கும் கடலுக்கும் இடையே மணல் விரிந்திருக்கும் காலத்தில் அலை உடைந்து, மணலில் ஏறி, நீர் உறிஞ்சப்பட்டு, சீறலுடன் பின்வாங்கும். பின்னால் நிற்கும் செங்குத்துச் சுவர் அவ்வொலியைக் கடல் பக்கமே திருப்பி அனுப்புகிறது. அடிவாரத்தில் நிற்பவர் ஒரே அலையை முன்னாலும் பின்னாலும் கேட்கிறார்.

இந்த ஓசையின் மூலம் நீர் நீரோடு மோதுவது மட்டுமன்று. உடையும் அலை காற்றைச் சிறைப்பிடித்துக் கோடிக்கணக்கான குமிழிகளை உண்டாக்குகிறது. ஒவ்வொரு குமிழியும் ஒரு சிறு மணிபோல் அதிர்கிறது. டச்சு வானியலாளர் மார்செல் மின்னார்ட் 1933-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,300 முறை அதிரும். குமிழி பெரிதாக ஆக, சுருதி தாழும். பெருங்குமிழியின் முழக்கமும் சிறுகுமிழியின் சீறலும் ஒன்றாய்க் கலந்ததே அலையோசை. கடலுக்கு 'ஆர்கலி' என்றும் பெயர் வைத்தவர்கள் தமிழர்கள். ஆர்ப்பரிப்பது எதுவோ அதுவே கடல் என்று பொருள்.

பதிவு செய்வது எளிதன்று. முதல் எதிரி காற்று. ஒலிவாங்கியின் மீது காற்று நேரடியாக மோதினால் கடல் கேட்காது, படபடப்பு மட்டுமே கேட்கும். அதற்காக மயிர்த்துணி போர்த்திய உறைக்குள் கருவியை வைப்பார்கள். அடுத்தது இடம். குன்றின் உச்சியில் வைத்தால் அலைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே இரைச்சலாகும். அடிவாரத்தில் வைத்தால் ஒவ்வோர் அலையும் தனித்தனியே கேட்கும். ஆனால் மேலிருந்து மண் சரியும் அபாயம் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் மணலை அரித்துக்கொண்டு போய்க் குன்றின் காலையே தொடும். அப்போது எழுவது மனத்தை ஆற்றும் ஓசையாக இராது. டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடைப்பட்ட நாட்களில், விடியலுக்கு முந்தைய ஓரிரு மணி நேரமே வாய்ப்பானது. விடிந்துவிட்டால் மேலே வரிசையாக உள்ள உணவகங்களும் விடுதிகளும் விழித்துக்கொள்ளும். மின்னாக்கியின் உறுமலோ பாட்டொலியோ ஒரு முறை பதிவில் புகுந்துவிட்டால் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஆறுதலின் சந்தை

கடலோசையை விற்பனைப் பொருளாக்கியவர்களில் முன்னோடி, நியூயார்க்கைச் சேர்ந்த இர்வ் டைபல். 1969-இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அலையோசை மட்டுமே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கக் கடற்கரைகளில் பதிவு செய்த உண்மையான ஒலி எதுவும் அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. இறுதியில் புரூக்ளின் கடற்கரைப் பதிவு ஒன்றைக் கணினியில் இட்டுத் திருத்திய பிறகே அது 'இயற்கையாக' ஒலித்தது. இன்று செல்பேசியில் உறங்குமுன் ஓடவிடும் கடலோசையில் எத்தனை பங்கு கடல், எத்தனை பங்கு கணினி என்பது கேட்பவருக்குத் தெரிய வழியில்லை.

ஓசைக்கு உண்மையிலேயே பயன் உண்டா? அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் 2021-இல் வெளியான ஆய்வு, இயற்கை ஒலிகளும் உடல்நலமும் குறித்து முன்னர் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மனத்தை மகிழ்விப்பதிலும் உடல்நலக் குறியீடுகளை மேம்படுத்துவதிலும் நீரின் ஒலி முதலிடம் பெற்றது. மன அழுத்தத்தையும் எரிச்சலையும் தணிப்பதில் பறவையொலி முந்தியது. அதே ஆய்வின் மற்றொரு பகுதி அவ்வளவு இனிமையானது அல்ல. அமெரிக்காவின் 68 தேசியப் பூங்காக்களில் 221 இடங்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, இயற்கை ஒலி நிறைந்தும் மனித இரைச்சல் குறைந்தும் இருந்தவை 11.3 விழுக்காடு இடங்கள் மட்டுமே. காப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட நிலங்களின் கதி இது. எவரும் ஒதுக்காத வர்க்கலையின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

கடலோரத்தில் வாழ்பவருக்கு இந்த ஓசை ஆறுதலுக்கான சரக்கும் அன்று. கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்று ஒன்றைச் சொல்வார்கள். உள்ளூரில் புயலோ பலத்த காற்றோ இல்லாமல், தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த நெட்டலைகள் ஓசைப்படாமல் வந்து கரையேறுவதே கள்ளக்கடல். திருடனைப்போல் வருவதால் அப்பெயர். 2012-இல் யுனெஸ்கோ இந்த மலையாளச் சொல்லை அறிவியல் வழக்கில் ஏற்றுக்கொண்டது. 2024 மார்ச் 31 அன்று அது கேரளக் கரையோரத்தின் பல ஊர்களில் வீடுகளுக்குள் புகுந்தது. நகரவாசி தூங்குவதற்குக் கேட்கும் ஓசையை, கரையில் வாழ்பவர் விழித்திருப்பதற்காகவும் கேட்கிறார்.

இரைச்சலுக்குச் சட்டம் உண்டு

கடலொலியை இந்திய அரசு பதிவு செய்வதே இல்லை என்று சொல்ல முடியாது. கொச்சியிலுள்ள கடற்படை இயற்பியல், கடலியல் ஆய்வகத்துக்காக 1994-இல் சேர்க்கப்பட்ட ஆய்வுக் கப்பலின் பெயரே 'சாகர்த்வனி', அதாவது கடலோசை. நீர்மூழ்கிகளைக் கண்டறியும் ஆராய்ச்சிக்காக அது கடலுக்கடியில் ஒலியைக் கேட்கிறது. பாதுகாப்புத் துறைக்குக் கடலொலி தேவைப்படுகிறது. சுற்றுச்சூழல் துறையின் விதிகளிலோ ஒலி என்றாலே மாசு என்பதுதான் கணக்கு.

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் வந்தது. 1987-இல் திருத்தப்பட்டபோது 'மாசு' என்பதற்கான விளக்கத்தில் இரைச்சலும் சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு விதித்தன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாகக் கொள்ளலாம். அங்கு வரம்பு 50-ம் 40-ம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கித் தடையை உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் உறுதி செய்தது. அமைதியாக வாழும் உரிமையை அரசமைப்பின் 21-ஆவது பிரிவோடு இணைத்துப் பேசிய தீர்ப்பு அது.

இவையெல்லாம் நல்ல சட்டங்களே. நடைமுறை எப்படி என்பது வேறு விஷயம். ஆனால் இவற்றின் அளவுகோலை வர்க்கலை மணலில் கொண்டுபோய் வைத்தால் முதலில் வரம்பு மீறுவது கடலாகத்தான் இருக்கும். அலை உடையும் கரையோரத்தில் 50 டெசிபல் என்பது சாதாரணம். மின்னாக்கிக்கும் கடலுக்கும் வேறுபாடு காட்ட டெசிபல் கணக்குக்குத் தெரியாது. எது தேவையற்ற ஒலி என்று சட்டம் சொல்லியிருக்கிறது. எது காக்க வேண்டிய ஒலி என்று எங்கும் சொல்லவில்லை.

பதிப்புரிமைச் சட்டம் இதற்கு நேர்மாறு. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும். அந்த ஒலி பாட்டா, பேச்சா, அலையா என்று சட்டம் கேட்பதில்லை. ஆகவே வர்க்கலையில் ஒரு மணி நேரம் அலையைப் பதிவு செய்து வெளியிட்டவர் 60 ஆண்டுகளுக்கு அந்தப் பதிவின் உரிமையாளர். அலையை எதிரொலித்துக் கொடுத்த குன்றை அதற்குள் இடித்துத் தரைமட்டமாக்கினாலும் அவர் உரிமைக்குப் பங்கமில்லை.

இடிப்பது என்பது வெறும் கற்பனையும் அன்று. சரிந்து விழும் அபாயம் உள்ளது என்ற காரணத்தைக் காட்டி, பாபநாசம் கடற்கரையில் பலிமண்டபத்துக்கு அருகே குன்றின் ஒரு பகுதியை 2024 ஜூனில் மாவட்ட நிர்வாகம் அகற்றியது. நிலவியல் ஆய்வுத் துறை அதிருப்தி தெரிவித்தது. நீத்தார் கடன் செலுத்த ஆயிரக்கணக்கானோர் கூடும் இடம் அது. அவர்களது உயிர்ப் பாதுகாப்பை எவரும் அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் நினைவுச் சின்னம் என்று மத்திய அரசின் ஒரு துறை அறிவித்த குன்றை, அத்துறையின் இசைவு இல்லாமலே இயந்திரத்தைக் கொண்டு வெட்ட முடிந்தது. அறிவிப்புக்குப் பின்னால் சட்டம் இல்லை என்பதே காரணம்.

தொல்லியல் சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடங்கள், குகைகள், கல்வெட்டுகள், பாறைச் சிற்பங்கள் ஆகியவற்றைப் பற்றியது. மனிதக் கை படாத குன்று அதில் அடங்காது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-இல் வெளியானபோது, மிகுந்த பாதுகாப்புக்குரிய இடங்களாக அலையாத்திக் காடுகள், பவளப் பாறைகள், மணற்குன்றுகள், ஆமைகள் முட்டையிடும் கரைகள் எனப் பலவற்றைப் பெயர் சொல்லிக் குறித்தது. செங்குத்துக் கடற்குன்று அந்தப் பட்டியலில் இல்லை.

பெருமாட்டி சொன்னது என்ன?

இந்த இடத்தில்தான் பெருமாட்டி வருகிறது. சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டித் தமிழும் மலையாளமும் கலந்து பேசப்படும் பஞ்சாயத்து அது. அங்குள்ள பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய கோக-கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுவதாகக் கூறிப் பழங்குடி மக்கள் 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கினர். 2003 ஏப்ரலில் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 'பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்து எதிர் கேரள அரசு' என்ற அந்த வழக்கில் 2003 டிசம்பர் 16 அன்று தனி நீதிபதி கே.பாலகிருஷ்ணன் நாயர் அளித்த தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். நிலத்தடி நீர் நிலவுடைமையாளரின் தனிச் சொத்தன்று. அது மக்களின் பொதுச் சொத்து. அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்பது அதன் சாரம்.

இக்கோட்பாட்டுக்கு அடித்தளம், பியாஸ் நதியின் போக்கை ஒரு விடுதிக்காகத் திருப்பிய விவகாரத்தில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய கமல்நாத் வழக்குத் தீர்ப்பு. பழைய ரோமானியச் சட்டத்தில் தொடங்கிய மரபு அது. காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகிய நான்கும் எவருக்கும் உரிமையற்றவை, எல்லோருக்கும் பொதுவானவை என்பது அதன் தொடக்கம். பெருமாட்டி வழக்கு அந்தப் பட்டியலின் கண்ணில் படாதிருந்த நிலத்தடி நீரையும் அதற்குள் கொண்டுவந்தது. கடலும் கடற்கரையும் காற்றும் ஏற்கெனவே பொதுவானவை என்றால், கடல் கரையில் மோதிக் காற்றில் எழுப்பும் அதிர்வு மட்டும் எப்படி வெளியே நிற்கும்?

வாதம் கேட்க அழகாக இருக்கிறது. நீதிமன்றத்தில் நிற்குமா என்பது ஐயமே. 2003 தீர்ப்பே நிலைக்கவில்லை. நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை நீர் எடுக்கலாம் என 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அனுமதித்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் கிடந்தது. 2004 மார்ச் முதலே மூடிக்கிடந்த ஆலையை மீண்டும் திறக்கப்போவதில்லை என நிறுவனம் 2017-இல் தெரிவித்ததும், கோட்பாட்டுக் கேள்விக்கு விடை கிடைக்காமலே வழக்கு முடிந்தது. மேலும், நீரும் ஓசையும் ஒன்றல்ல. ஒருவர் இறைத்தால் மற்றவர் கிணறு வற்றும். ஆயிரம் பேர் பதிவு செய்தாலும் அலையோசை ஓர் இம்மியும் குறையாது. அதற்கு வரும் கேடு இரண்டே வழிகளில் வரும்: வேறு இரைச்சல் அதை மூடுவது ஒன்று; கரையே மாறிப்போவது மற்றொன்று. கடலரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டிய கரைகளில் அலை மோதும் ஒலி உண்டு. மணலில் ஏறி இறங்கும் சீறல் இல்லை. மணலை இழந்த கரை தன் ஓசையில் பாதியை இழந்துவிடுகிறது.

பிற நாடுகளில்

பிரான்சு இதற்கு நேரடியாகவே சட்டம் இயற்றியது. ஒலெரோன் தீவில் மோரீஸ் என்ற சேவல் விடியற்காலையில் கூவுகிறது என்று அண்டை வீட்டார் தொடுத்த வழக்கு 2019-இல் சேவலின் பக்கம் தீர்ந்தது. நாடெங்கும் பேசப்பட்ட அந்த வழக்கைத் தொடர்ந்து, 2021 ஜனவரி 29 அன்று புதிய சட்டம் வந்தது. நிலத்திலும் கடலிலும் உள்ள இயற்கைச் சூழல்களோடு அவற்றுக்கே உரிய ஒலிகளும் மணங்களும் தேசத்தின் பொது மரபைச் சேர்ந்தவை என அந்நாட்டுச் சுற்றுச்சூழல் சட்டத் தொகுப்பு இன்று சொல்கிறது. சேவலில் தொடங்கியது கடல் வரை போய்விட்டது. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 2000 டிசம்பரிலேயே, பூங்காவின் இயற்கை ஒலியும் காக்கப்பட வேண்டிய வளம் என ஆணை பிறப்பித்து, அதற்கெனத் தனிப் பிரிவும் அமைத்தது.

நாடாளுமன்றத்தில்

இங்கே, குன்றைக் காக்கும் சட்டமே இரண்டு முறை முயன்றும் கைகூடவில்லை. மரபுத் தலங்களுக்குத் தேசிய ஆணையம் அமைக்கும் மசோதா 2009-இல் மாநிலங்களவையில் அறிமுகமாகி, நிலைக்குழுவுக்குச் சென்று, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. 2022 டிசம்பரில் சுரங்க அமைச்சகம் நிலவியல் மரபுத் தலங்களைக் காக்க ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்துவோருக்குத் தண்டனை, தடை செய்யப்பட்ட பகுதி என எல்லாம் அதில் இருந்தன. அதிகாரம் முழுவதும் நிலவியல் ஆய்வுத் துறையிடமே குவிகிறது, மாநிலங்களுக்கும் கல்விக்கழகங்களுக்கும் இடமில்லை என்று புவியியலாளர்கள் சிலர் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானதே. 17-ஆவது மக்களவையின் காலம் முடியும்வரை அது நிறைவேறவில்லை. 2024 ஜூனில் கூடிய 18-ஆவது மக்களவையின் முதல் ஆண்டும் அப்படியே கழிந்தது.

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற தலத்தை ஓராண்டுக்குப் பிறகே முறையாகப் பரிந்துரைக்க முடியும். பரிந்துரை ஆவணத்தில் 'பாதுகாப்பும் நிர்வாகமும்' என்றொரு பகுதி உண்டு. எந்தச் சட்டத்தின்கீழ் இத்தலம் காக்கப்படுகிறது, அச்சட்டம் எவ்வாறு செயல்படுத்தப்படுகிறது என்பதை அங்கே எழுத வேண்டும். இந்தியாவின் சார்பில் யுனெஸ்கோ விவகாரங்களை ஒருங்கிணைப்பது தொல்லியல் துறை. அத்துறையின் சொந்தச் சட்டத்தில் வர்க்கலைக் குன்று வராது. சுரங்க அமைச்சகத்தின் வரைவு சட்டமாகும் வரை, அந்தப் பகுதியில் எதை எழுதுவது என்பதைச் சாஸ்திரி பவனும் திலக் மார்க்கும் கலந்து முடிவு செய்ய வேண்டியிருக்கும்.